அந்த இரண்டு பேரை விட்டுவிடுங்கள்: கோவை பம்ப் பேனல் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பம்ப் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டரும் பேனல் பெட்டியும் செய்யும் சிறு, நடுத்தரக் கம்பெனி முதலாளிகளுக்கு,

வணக்கம். 14 வருடமாக உங்களைப் போன்றவர்களிடம் டிசைன் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன்.

1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. யோசனைக்கு இங்கே பஞ்சமில்லை. புது மாடலுக்கென்று இரண்டு பேரைப் போடுகிறீர்கள். அடுத்த வாரமே பழைய பேனல் ரிட்டர்ன் வருகிறது. அதைப் பார்க்க ஒருவர் போகிறார். அப்புறம் மாதக் கடைசி டிஸ்பாட்ச், அதற்கு இன்னொருவர். புது மாடல் அங்கேயே படுத்துவிடுகிறது.

செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டர் ஒன்றை நாங்கள் செய்தோம். ஆறு மாதத்தில் முடிப்பதாகத் தொடங்கியது, இரண்டு வருடம் இழுத்தது. உண்மையில் வேலை நடந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம்கூடத் தேறாது. கடைசியில் வெளியே எங்கும் ஓட்டிப் பார்க்காமல் விற்பனைக்கு விட்டோம்.

முதல் மழையிலேயே புகார். பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் பெட்டியைத் திறந்தேன். ரிலே ஓரமாகப் பல்லி ஒன்று கருகிக் கிடந்தது. கேபிள் நுழையும் இடத்தில், கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்க நாங்கள் வைத்த கிளாண்டைக் காணோம். அந்த இடத்தில் கட்டைவிரல் போகிற ஓட்டை. "நீங்க குடுத்த ஓட்டைல என்ற வயரு போகலைங்க, நான் என்னங்க பண்றது?" என்றார் தோட்டத்துக்காரர். அவர் கேட்டது நியாயம். அவருடைய கேபிளின் தடிமனை எங்களில் யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றுவட்டாரத்து ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாம் ஒன்றாக மோட்டாரைப் போட, வோல்டேஜ் சரிந்து, மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான காண்டாக்டர் தடதடத்தது. எங்கள் டெஸ்ட் பெஞ்சில் எப்போதும் குறையாத 415 வோல்ட்தான்.

சரக்கு வாங்கியவர்களிடம் பணம் முடங்கும்போது கையில் இருக்கிற ஆளை இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது, எனக்கும் தெரியும். 2006ஆம் வருடத்துச் சட்டம் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்கிறது. தனி ஆளாகக் கேட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு. சரி, சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். ஆனால் அதுவரை அந்த இரண்டு பேரைத் தொடாதீர்கள். ரிட்டர்னைப் பார்க்க வேறு ஆளைப் பழக்குங்கள்.

பெட்டிக்கு டை, அதாவது அச்சு, போட்டுவிட்டால் ஓர் ஓட்டையை மாற்றக்கூடப் பெரிய செலவு. அதனால் அடுத்த மாடலில் கையால் செய்த நாலைந்து பெட்டிகளை முதலில் தோட்டங்களில் மாட்டுங்கள். ஐப்பசி மழை முடியட்டும். அந்த இருவரே போய்த் திறந்து பார்க்கட்டும், டை ஆர்டரை அப்புறம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு டிசைன் இன்ஜினியர்