மூடிய பெட்ரோல் பங்க்கின் மண்ணை யார் சோதிப்பது? தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர், உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். தென்சென்னையில் எங்கள் குடியிருப்பை ஒட்டி நெடுங்காலம் ஓடிய பெட்ரோல் பங்க் ஒன்று குத்தகை முடிந்து மூடப்பட்டுவிட்டது. கூரையைப் பிரித்தார்கள், பம்புகளைக் கழற்றினார்கள், சுற்றிலும் தகரம் அடித்தார்கள். அடுக்குமாடி வரப்போகிறதாம். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் போர் தண்ணீர்தான். லாரி வராத கோடையில் அதையே காய்ச்சிக் குடிப்பவர்களும் உண்டு. அந்த மனையின் மண்ணையோ அடியிலுள்ள நீரையோ யாராவது சோதித்தார்களா என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

புதைத்த தொட்டி துருப்பிடித்துக் கசிந்தால் மேலே ஒன்றும் தெரியாது. பெட்ரோல் மண்ணுக்குள் இறங்கி, நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் படலமாக மிதக்கும். கோடையில் நீர் இறங்கும்போது கூடவே இறங்கும், ஐப்பசி மழையில் நீர் ஏறும்போது ஏறும். இப்படி ஏறி இறங்கிய ஆழம் முழுவதும் மண்ணில் ஒட்டிக்கொண்டு, தன்னிலுள்ள பென்சீன் என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைத்துக்கொண்டே இருக்கும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. நீரில் கலந்த பென்சீனை நம் மூக்கு கண்டுபிடிக்க, அந்த வரம்பைப்போல் நூறு மடங்குக்கும் மேல் இருக்க வேண்டும். ஆகவே "வாடை வரவில்லையே" என்று ஓர் அதிகாரி சொல்வதை நாங்கள் ஏற்க முடியாது. காய்ச்சினால் அது அடுக்களைக் காற்றில் கலக்கும். நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டுவரை விற்கப்பட்டது என்பதால், பழைய பங்க் என்றால் ஈயத்துக்கும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை கட்டுமானம்தான். அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டுவார்கள். ஊறும் நீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்து மழைநீர் வடிகாலில் விடுவார்கள். நிலத்தடியில் எண்ணெய் இருந்தால் அந்த இறைப்பே அதை இடம்பெயர்த்துவிடும். பள்ளத்தில் இறங்கி வேலை செய்யும் தொழிலாளிதான் அந்த ஆவியை முதலில் சுவாசிப்பார். தோண்டிய மண்ணும் சும்மா கிடக்காது. லாரியில் ஏறி, வேறு எங்கோ ஒரு தாழ்வான மனையை நிரப்பப் போகும். அங்கே வீடு கட்டுபவருக்கு இந்தப் பங்க்கைப் பற்றி எதுவும் தெரியாது.

2013இல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்களில் எரிபொருள் வந்ததை வாரியம் மறந்திருக்காது. அங்கே காரணம் பங்க் அல்ல, பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய். ஆனால் மண்ணுக்குள் நடந்தது ஒன்றுதான். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது, துப்புரவுப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதுவும் மக்கள் தங்கள் குழாயில் வந்ததைக் கண்டு குரல் எழுப்பிய பிறகு.

இப்போது உங்கள் கையில் சட்டம் இருக்கிறது. மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கான மத்திய அரசின் விதிகள் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டு அனுப்ப வேண்டும், மாநில வாரியம் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அவை. அந்தப் பட்டியலில் மூடப்பட்ட பங்க்குகளையும் சேருங்கள். அமெரிக்கா 1984இலேயே நிலத்தடித் தொட்டிகளுக்குச் சட்டம் இயற்றியது. தேடத் தொடங்கியபின் அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதியாயின, பெரும்பாலானவை சுத்தமும் செய்யப்பட்டன. வழிகள் தெரிந்தவைதான்: தொட்டியை எடுப்பது, கெட்ட மண்ணை அகற்றுவது, மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சுவது, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று செலுத்துவது. செலவு பிடிக்கும், காலமும் பிடிக்கும். அதற்காகத்தான் கட்டடம் எழும்பும் முன்பே கேட்கிறோம்.

பங்க் இருந்த மனைக்கு மண், நீர் பரிசோதனை அறிக்கை இல்லாமல் கட்டட அனுமதி தரக்கூடாது என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சிஎம்டிஏ) நகர ஊரமைப்பு இயக்ககத்துக்கும் எழுதுங்கள். அறிக்கையைத் தமிழில், அக்கம்பக்கத்தார் படிக்கும்படி வெளியிடுங்கள். பரிசோதனைச் செலவு எண்ணெய் நிறுவனத்தின் பொறுப்பாக இருக்கட்டும், மாதிரி எடுப்பது மட்டும் வாரியத்தின் கையில் இருக்கட்டும்.

எங்கள் மனையில் இன்னும் பள்ளம் தோண்டவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்து நீர்மட்டம் ஏறியபின் ஒருமுறை மாதிரி எடுக்க ஆளை அனுப்புங்கள். எங்கள் வீட்டு போர்களிலும் எடுத்துக்கொள்ளலாம், எந்த நாள் வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
பங்க்குக்குப் பின்தெருவில் குடியிருக்கும் ஒருவர்