கார்லயே உக்காந்து படம் எடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வாசகர் எடுத்த பறவை படம் போடுறீங்கல்ல, நானும் ரெண்டு தடவ அனுப்பி வரல, அது வேற விஷயம். போன வாரம் வந்த ஆள்காட்டிக் குருவி முட்டை படத்த பாத்ததும்தான் எழுதணும்னு உக்காந்தேன்.

மூலைக்கரைப்பட்டிலருந்து கூந்தன்குளம் போற ரோட்டுல தினமும் பைக்ல போறவன் நான். கூந்தன்குளத்துல கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரையெல்லாம் ஊருக்குள்ள இருக்குற மரத்துலயே கூடு கட்டும், அதுங்க மிரளக்கூடாதுன்னு ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி கூட போடுறதில்ல. 1994ல சரணாலயம் ஆச்சு, 2022ல ராம்சர் பட்டியல்லயும், அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல், அதுலயும் வந்துட்டு. குளத்துல உள்ளதுக்கு கேக்க ஆள் இருக்கு, ரோட்டோரத்துல உள்ளதுக்கு யாரு இருக்கா?

இந்த ஏப்ரல்ல ரோட்டோரம் சரள்ல ஒரு ஆள்காட்டி நாலு முட்டை போட்டிருந்துச்சு. கூடுன்னு ஒண்ணும் கிடையாது, கையகலப் பள்ளம், சுத்தி பொடிக்கல்லும் ஆட்டுப்புழுக்கையும். மண் கலர்ல கருப்புப் புள்ளி போட்ட முட்டை, நாலும் கூர்முனைய உள்பக்கமா வெச்சு பூ மாதிரி கிடக்கும், கண்ணு பழகலன்னா மிதிச்சிட்டுத்தான் போவோம். ஒரு ஞாயித்துக்கிழமை மூணு கார் வந்து நின்னுச்சு, முழங்கை நீளத்துக்கு லென்ஸ், ஒருத்தர் தரையில படுத்தே எடுத்தாரு. ரெண்டு பறவையும் தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துது, இவங்க அதையும் ஃப்ளைட் ஷாட்டு சூப்பர்னு எடுக்காங்க. மணி பதினொண்ணு, வெயில் மண்டைய பொளக்குது.

அந்த வெயில்ல முட்டை அவிஞ்சிரக் கூடாதுன்னுதான் இந்தப் பறவை எங்கயாவது தண்ணில வயித்த நனைச்சிட்டு ஓடி வந்து மேல உக்காரும். சூடு குடுக்கிறத விட நிழல் குடுக்கிறதுதான் கோடையில அதுக்கு பெரிய வேலை. அத முக்கால் மணி நேரம் கிட்டயே விடல. மறுநாள் பாத்தா காக்கா தூக்கிட்டுப் போயிருந்துச்சு, ஆளுங்க சுத்தி நின்ன இடத்த அது கரண்டு கம்பில இருந்து பாத்துக்கிட்டேதான இருந்திருக்கும்.

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. மூணு வருஷம் முந்தி பஞ்சுருட்டான் குருவியோட பொந்த மறைச்ச முள்ளுக் கிளைய வெட்டிட்டுதான் படம் எடுத்தேன், படம் நல்லா வந்துச்சு, அந்த வாய்க்கா கரைப் பொந்துக்கு பஞ்சுருட்டான் அப்புறம் வரவே இல்ல.

காருக்கு இந்தப் பறவைங்க பயப்படாது, லாரியும் பஸ்ஸும் பாத்து பழகுனதுங்கதான். கதவ திறந்து கால கீழ வெச்சா அப்பதான் பறக்கும். அப்ப கண்ணாடிய இறக்கிட்டு உள்ள இருந்தே எடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துல கிளம்புனா என்ன குறைஞ்சிரும்? கூட்ட கண்டா லொகேஷன வாட்ஸ்அப் குரூப்ல தட்டி விடாதீங்க, மறுநாள் பத்து கார் நிக்கும். 1972 வனவிலங்கு சட்டத்துல வேட்டைங்கிறதுக்கு சொன்ன அர்த்தத்துல முட்டையையும் கூட்டையும் தொந்தரவு பண்றதும் சேந்துதான் வருது, துப்பாக்கி தூக்குனாதான் வேட்டைன்னு இல்ல.

உங்ககிட்ட கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் சார். முட்டை, கூடு, கண்ணு திறக்காத குஞ்சு படம் வந்தா இனிமே போடாதீங்க. பேப்பர்ல வரும்னுதான் பாதிப் பேரு படுத்துக் கிடந்து எடுக்கான். அந்த எடத்துல கம்பில சும்மா உக்காந்திருக்க பனங்காடை படம் போடுங்க, என்கிட்டயே நாப்பது இருக்கு.

– ஒரு வாசகர், நாங்குநேரி வட்டம்