ஹார்லெம் பிள்ளைகளுக்காக எழுதியவர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

ஜெர்சி சிட்டி, நியூ ஜெர்சி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற கையோடு, வாரந்தோறும் கூர்நோக்கு இல்லத்துச் சிறுவர்களுக்குக் கதை வாசித்துக் காட்டத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. இங்கு நாங்கள் நலமாக இருக்கிறோம். மகளும் மருமகனும் வேலைக்குச் சென்ற பிறகு, பேரனின் அலமாரியில் இருக்கும் புத்தகங்கள்தாம் பகல் முழுவதும் எனக்குத் துணை. நீதிக் கதைகளை அந்தப் பிள்ளைகள் காதில் வாங்கிக்கொள்வதே இல்லை, அவர்களுக்கு வேறு எதைத்தான் வாசிப்பது என்று கேட்டிருந்தாய். பாடம் நடத்திப் பழகியவன் நீ. உனக்கு வழி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஏறத்தாழ அதே கேள்விக்கு விடை தேடுவதையே தம் எழுத்து வாழ்க்கையாக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றி எழுத முடியும். அவர் பெயர் வால்டர் டீன் மையர்ஸ். பேரன் பள்ளியில் படித்த ‘மான்ஸ்டர்’ என்னும் நாவலின் வழியாக அவரை அறிந்துகொண்டு, பிறகு நூலகத்தில் கிடைத்த அவருடைய நூல்களை ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். நான் இப்போது இருக்கும் இதே ஊரில்தான் அவர் பல்லாண்டுகள் வாழ்ந்து எழுதினார்.

1937ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வால்டர் மில்டன் மையர்ஸ். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். தந்தையின் முதல் மனைவியான ஃபுளோரன்ஸ், மறுமணம் செய்துகொண்டு நியூயார்க்கில் வாழ்ந்தவர். தம் இரு பெண்களை அழைத்துச் செல்ல வந்த அந்த அம்மையார், தமக்கு இரத்த உறவே இல்லாத இந்தச் சிறுவனையும் சேர்த்து அழைத்துக்கொண்டு, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் பகுதியான ஹார்லெமுக்குத் திரும்பினார். அவருடைய கணவர் ஹெர்பர்ட் டீன் ஒரு நிறுவனத்தில் துப்புரவுப் பணி செய்த கறுப்பினத்தவர். ஃபுளோரன்ஸ் ஜெர்மானிய, அமெரிக்கப் பழங்குடி மரபுகளில் வந்தவர். அந்த இருவரும்தான் வால்டருக்குத் தாயும் தந்தையுமானார்கள். பிற்காலத்தில் தம் பெயரின் நடுவிலிருந்த மில்டனை எடுத்துவிட்டு டீன் என்று வைத்துக்கொண்டது, வளர்த்தவர்களுக்கு அவர் செலுத்திய நன்றி.

ஃபுளோரன்ஸ் அதிகம் படித்தவர் அல்லர். வீட்டு வேலைகளுக்கிடையே, மலிவான காதல் கதைப் பத்திரிகை ஒன்றை விரலால் வரி வரியாகத் தொட்டுக் காட்டி வாசிப்பார். மடியில் அமர்ந்திருந்த சிறுவன் அந்த வரிகளைப் பார்த்துப் பார்த்தே, பள்ளிக்குச் செல்லும் முன்பு வாசிக்கக் கற்றுக்கொண்டான். பள்ளியிலோ அவனுக்கு வேறு வகையான துன்பம் காத்திருந்தது. பேச்சு திக்கியது. சொற்கள் தெளிவாக வராததால் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தவர்களை அவன் அடித்தான். அடித்ததற்காகத் தண்டனை பெற்றான். ஒருநாள் வகுப்பில் ஒளித்து வைத்துப் படக்கதை படித்துக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்த ஆசிரியை, படிப்பதென்றால் நல்லதாகப் படி என்று தம் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டிய நேரத்தில், அவனால் உச்சரிக்க முடிந்த சொற்களை மட்டும் வைத்து அவனையே எழுதி வரச் சொன்ன ஆசிரியரும் அவனுக்கு வாய்த்தார். அவன் எழுதத் தொடங்கியது இப்படித்தான். நாற்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்த உனக்கு இதை எழுதும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

ஆனால் வாசிப்பில் ஆழ்ந்த அந்தச் சிறுவனே பதின்ம வயதில் புத்தகங்களை விட்டு விலகினான் என்பதுதான் இந்த வாழ்க்கையின் திருப்பம். நியூயார்க்கில் சிறந்த மாணவர்கள் மட்டுமே சேரக்கூடிய ஸ்டைவெசண்ட் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது; கல்லூரிக்கு அனுப்பும் வசதி வீட்டில் இல்லை என்பதும் விரைவிலேயே புரிந்துவிட்டது. அதைவிட ஆழமான காரணம் ஒன்றை அவர் பிற்காலத்தில் எழுதினார். தாம் கறுப்பின இளைஞன் என்பதை உணர உணர, தாம் நேசித்த புத்தகங்களில் வந்த மனிதர்களும் அவர்களுடைய வாழ்க்கைகளும் தமக்கு உரியவையல்ல என்று தோன்றத் தொடங்கியதாம். புத்தகங்கள் அவருக்குப் பகையாகிவிடவில்லை. அருகில் இருக்கச் சங்கடப்படும் பழைய நண்பர்களைப்போல ஆகிவிட்டன. வாசிப்பை நிறுத்தினார், பள்ளிக்குச் செல்வதையும் நிறுத்தினார், 17ஆம் பிறந்தநாளன்று இராணுவத்தில் சேர்ந்தார். எது நடந்தாலும் எழுதுவதை விட்டுவிடாதே என்று ஆங்கில ஆசிரியை ஒருவர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். இராணுவத்திலிருந்து திரும்பி, கட்டட வேலை, தபால் அலுவலகம் எனக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்துகொண்டிருந்த காலத்தில், அந்தச் சொல் அவருக்கு நினைவுக்கு வந்தது. மீண்டும் எழுதத் தொடங்கினார்.

அப்போது கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் ‘சன்னிஸ் புளூஸ்’ என்னும் கதை அவர் கைக்குக் கிடைத்தது. அந்தக் கதை தமக்குப் பெரிதும் பிடித்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அது ஹார்லெமில் நடந்தது. அதில் வந்தவர்கள் அவர் அறிந்த மனிதர்களைப் போன்றவர்கள். தம் தெருவைப் பற்றித் தாமே எழுதலாம் என்னும் அனுமதியை, அது தமக்குத் தேவைப்பட்டது என்பதைக்கூட அறியாதிருந்த தமக்கு, அந்தக் கதை தந்தது என்று அவர் எழுதுகிறார். நண்பா, நீ சந்திக்கும் பிள்ளைகளிடம் நாம் கொண்டு செல்லும் எந்தக் கதையையும் இந்த ஒரு செய்தியை வைத்தே நான் இப்போது எடைபோட விரும்புகிறேன்.

அவர் எழுத வந்தபோது களம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் ஆராய்ந்து, அவற்றில் 349 நூல்களில் மட்டுமே, படத்திலோ எழுத்திலோ ஒரு கறுப்பின மனிதராவது இடம்பெற்றிருக்கிறார் என்று 1965இல் எழுதினார். புத்தகங்களில் வருவது எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருப்பது ஏன் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியோடு அந்தக் கட்டுரை தொடங்குகிறது. பல இனத்துப் பிள்ளைகளுக்குமான நூல்களை வளர்ப்பதற்காக அமைந்த மன்றம் ஒன்று 1968இல் கறுப்பின எழுத்தாளர்களுக்கான போட்டி நடத்தியபோது, மையர்ஸ் படநூல் ஒன்றுக்கான பிரதியை அனுப்பிப் பரிசு பெற்றார். பகல் முடிந்ததும் எங்கே போகிறது என்று பிள்ளைகள் ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கொண்டு ஒரு கறுப்பினத் தந்தையோடு நடந்து செல்லும் அந்தக் கதை 1969இல் புத்தகமாயிற்று. பிறகு பதிப்பகம் ஒன்றில் பதிப்பாசிரியர் பணி. 1977இல் அந்த வேலை போனதும், இனி எழுத்தையே நம்பி வாழ்வது என்று முடிவு செய்தார். இறக்கும்வரை அந்த முடிவிலிருந்து மாறவில்லை.

அவருடைய முதல் இளையோர் நாவல் பிறந்த விதம் உனக்குப் பிடிக்கும். அவர் எழுதிய சிறுகதை ஒன்றை ஒரு நாவலின் முதல் அத்தியாயம் என்று நினைத்துக்கொண்ட பதிப்பாசிரியர், விருந்து ஒன்றில் அவரைச் சந்தித்து, மேற்கொண்டு என்ன நடக்கிறது என்று கேட்டார். மையர்ஸ் அங்கேயே நின்றபடி மீதிக் கதையைப் புனைந்து சொன்னார், ஒப்பந்தம் கிடைத்தது. ஹார்லெமின் ஒரு தெருவில் கூடித் திரியும் நண்பர் கூட்டத்தின் கதையான அது 1975இல் வெளிவந்தது. சிரிப்பும் கூடைப்பந்தும் நட்பும் நிறைந்த புத்தகம். ஹார்லெம் என்றாலே போதைப்பொருளும் குற்றமும்தான் என்று மற்றவர்கள் எண்ணிய காலத்தில், அந்தத் தெருவில் பிள்ளைகள் மகிழ்ச்சியாகவும் வளர்ந்தார்கள் என்று அவர் முதலில் எழுதிக் காட்டியதை நான் பெரிதாக மதிக்கிறேன். பிறர் துயரத்தை மட்டுமே காணும் இடத்தில் வாழ்க்கையை முழுதாகக் காண்பதற்கு, அங்கேயே வளர்ந்தவனின் கண் வேண்டும்.

துயரத்தை எழுதவும் அவர் தயங்கவில்லை. அவரைப் பின்பற்றி இராணுவத்தில் சேர்ந்த தம்பி 1968இல் வியட்நாமில் கொல்லப்பட்டார். அந்தப் போரைப் பற்றிய ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ நாவலை அவர் வெளியிட்டது 1988இல்தான். நூலைத் தம்பிக்கே காணிக்கையாக்கினார். ஹார்லெமிலிருந்து போர்க்களம் செல்லும் 17 வயது ரிச்சி பெர்ரி, தான் ஏன் அங்கே இருக்கிறோம் என்பதை வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் விளக்க முடியாமல் தவிக்கும் பக்கங்களை என்னால் விரைந்து கடக்க முடியவில்லை. போர்வீரர்கள் பேசும் வசைமொழியை அப்படியே எழுதியதற்காக, அந்த நூலைப் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றவேண்டும் என்று பல ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. போரைச் சுத்தமான மொழியில் சொல்வது பிள்ளைகளிடம் பொய் சொல்வதற்குச் சமம் என்பது என் எண்ணம்.

இனி ‘மான்ஸ்டர்’. உனக்கு மிகவும் பயன்படும் நூல் இது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். 1999இல் வெளிவந்த இந்த நாவல், இளையோர் இலக்கியத்துக்கென அமெரிக்காவில் புதிதாக நிறுவப்பட்ட பிரிண்ட்ஸ் விருதை, அது முதன்முதலாக வழங்கப்பட்ட 2000ஆம் ஆண்டிலேயே பெற்றது. 16 வயது ஸ்டீவ் ஹார்மன், மருந்துக்கடைக் கொள்ளை ஒன்றில் கடைக்காரர் கொல்லப்பட்ட வழக்கில், முன்னால் சென்று நோட்டம் பார்த்துச் சொன்னவன் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருக்கிறான். அரசு வழக்கறிஞர் அவனை அரக்கன் என்று குறிப்பிடுகிறார். திரைப்படக் கலை பயிலும் அந்தப் பையன் தன் வழக்கையே திரைக்கதையாக எழுதுகிறான்; இடையிடையே நாட்குறிப்பும் வருகிறது. இந்த வடிவத்துக்குப் பின்னால் மையர்ஸின் நீண்ட உழைப்பு இருக்கிறது. சிறைகளிலும் சிறார் தடுப்பு இல்லங்களிலும் பலரைச் சந்தித்துப் பேசியபோது அவர் ஒன்றைக் கவனித்தார்: தம் வாழ்க்கையைச் சொல்லும்போது ‘நான்’ என்று பேசியவர்கள், தாம் செய்த குற்றத்துக்கு வந்ததும், யாரோ ஒருவன் செய்ததைப்போல விலகி நின்று பேசினார்கள். திரைக்கதையில் ஸ்டீவ் தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்க்கிறான். நாட்குறிப்பிலோ அந்த விலகல் உடைந்து அழுகை வந்துவிடுகிறது. அவன் குற்றத்தில் பங்குகொண்டானா என்பதை நூல் வாசகரிடமே விட்டுவிடுகிறது. விடுதலை கிடைத்ததும் கட்டியணைக்க அவன் கைகளை விரிக்க, அவனுக்காக வாதாடிய வழக்கறிஞரே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் தன்னிடம் எதைக் கண்டார் என்ற கேள்வியோடு ஸ்டீவ் நிற்கிறான்.

நீதிக் கதையை உன் பிள்ளைகள் ஏன் காதில் வாங்கிக்கொள்வதில்லை என்பதற்கு இந்த நூலில் ஒரு விளக்கம் இருப்பதாக நினைக்கிறேன். நீதிக் கதையில் தீர்ப்பு முதலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. தீர்ப்புகளை அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருக்கிறார்கள். மையர்ஸ் தம் பாத்திரங்களைக் கண்டிப்பதும் இல்லை, தப்பவிடுவதும் இல்லை. அவர்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் வரையில் பக்கத்திலேயே இருக்கிறார்.

அவருடைய சொந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் வலித்த செய்தி ஒன்றையும் எழுத வேண்டும். அவர் எழுதிய புத்தகங்களைப் பற்றி வளர்ப்புத் தந்தை ஹெர்பர்ட் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்த மௌனம் மகனின் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. தந்தை இறந்த பிறகு அவருடைய காகிதங்களைப் பார்த்தபோதுதான், அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது என்பதும், வாழ்நாள் முழுவதும் அதை மறைத்தே வாழ்ந்திருக்கிறார் என்பதும் தெரியவந்தன. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மையர்ஸை இளையோர் இலக்கியத்துக்கான தேசியத் தூதராக நியமித்தது. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. வாசிப்பு விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றன்று என்பதைத் தம் முழக்கமாக வைத்துக்கொண்டு அவர் ஊர் ஊராகச் சென்றார். அந்தக் கடுமை சிலருக்குப் பிடிக்கவில்லை. வாசிப்பின் இன்பத்தைப் பேசலாமே என்றார்கள். ஹெர்பர்ட்டின் கதையை அறிந்த பிறகு, அவர் வேறு எப்படிப் பேசியிருக்க முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2014 மார்ச்சில், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அவர் எழுதிய கட்டுரையை உனக்காகத் தனியே நகலெடுத்து வைத்திருக்கிறேன். 2013இல் வெளிவந்த ஏறத்தாழ 3,200 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவரைப் பற்றியவை 93 மட்டுமே என்னும் விஸ்கான்சின் பல்கலைக்கழக மையத்தின் கணக்கோடு அது தொடங்குகிறது. நூறு நூல்களுக்கு மேல் எழுதிய ஒருவர் முதுமையில் இந்த எண்ணைப் பார்க்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார். அதில் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறார். அவர் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருந்தபோது, வேதியியலாளர் பணிக்குச் சம தகுதி உடைய வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் விண்ணப்பித்தார்கள். கறுப்பினத்தவர் வேதியியலாளராக இருக்க முடியாது என்று மேலதிகாரி மறுத்தார். வெறும் இனவெறி என்று முதலில் நினைத்த மையர்ஸ், பிறகு வேறொன்றையும் உணர்ந்தார்: அந்த அதிகாரி தம் வாழ்நாளில் ஒரு கறுப்பின வேதியியலாளரை, நேரிலும் சரி புத்தகத்திலும் சரி, கண்டதே இல்லை. ஆகவே கறுப்பினப் பிள்ளைகள் வரும் கதைகளை வெள்ளைப் பிள்ளைகளும் படிக்க வேண்டியிருக்கிறது. என் பேரனின் வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஸ்டீவ் ஹார்மனைப் பற்றி வாதிட்டதைக் கேட்டபோது இதன் பொருள் எனக்கு நன்கு விளங்கியது.

மையர்ஸ் 2014 ஜூலை 1 அன்று 76 வயதில் மறைந்தார். அவருடைய மகன் கிறிஸ்டஃபர் மையர்ஸ் ஓவியர். தந்தை எழுதிய ‘ஹார்லெம்’ என்னும் கவிதை நூலுக்கு அவர் வரைந்த படங்கள், சிறுவர் படநூல் ஓவியத்துக்கான கால்டிகாட் சிறப்பு விருது பெற்றன. துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, எழுத்தை ஏறக்குறைய கைவிட்டிருந்த ஜேசன் ரெனால்ட்ஸ் என்னும் இளைஞரை மீண்டும் எழுதத் தூண்டியவரும் இந்த மகன்தான். வால்டர் மையர்ஸின் பழைய நாவல் ஒன்றைப் படித்த ரெனால்ட்ஸ், தம் மொழியிலேயே எழுதலாம் என்று உணர்ந்தார். மையர்ஸ் பெயரால் நிறுவப்பட்ட விருதை 2016இல் முதன்முதலாகப் பெற்ற நூலின் ஆசிரியர்கள் இருவருள் அவரும் ஒருவர். 2020இல் அவரே தேசியத் தூதரும் ஆனார்.

மருமகனின் நண்பர் அடுத்த மாதம் சென்னைக்கு வருகிறார். ‘மான்ஸ்டர்’ நூலையும், மையர்ஸ் தம் இளமையை எழுதிய ‘பேட் பாய்’ நூலையும், அந்தக் கட்டுரையின் நகலையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவை ஆங்கிலத்தில் இருப்பதால் அப்படியே வாசித்துக் காட்ட முடியாது என்பதை அறிவேன். நீ படித்துவிட்டு உன் சொற்களில் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஸ்டீவின் நாட்குறிப்புப் பகுதிகளிலிருந்து தொடங்கினால் நல்லது என்று தோன்றுகிறது. அவர்களில் யாராவது தானே எழுத விரும்பினால், முடிந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடு. என்ன எழுதினார்கள் என்பதை, அவர்கள் அனுமதித்தால் மட்டும், எனக்கும் எழுது.

தங்கைக்கு என் அன்பைச் சொல். உன் முழங்கால் வலிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எழுத மறந்துவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்