சைக்கிள் மணி அடித்தவனுக்கும் பருப்புத் தண்ணி வடிகட்டியவருக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸை நாலு சுற்று ஓடி முடித்தேன். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், ஆக பத்து. தண்ணி குடிக்க மட்டும் நடந்தேன், அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். 2023 ஜூனில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போனபோது என் எடை 118 கிலோ. எங்கள் வீட்டு மாடிப்படி பதினெட்டு, நடுவில் ஒரு தடவை உட்காராமல் ஏறினதில்லை. இன்றைக்கு 76 கிலோ. நேரில் நன்றி சொல்லப் போனால் வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்துவிடுகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அத்தைக்கு. அத்தை பரிமாற உட்கார்ந்தால் நாம் "போதும்" என்று சொன்னதற்கு அப்புறம்தான் இன்னும் இரண்டு கரண்டி விழும், அப்படி ஊட்டியே பழகிய கை. எனக்கு நடந்தது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டு வைப்பார்கள். முதல் இரண்டு வாரம் தண்ணியாகத்தான் எதுவும். அத்தை பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, மாமாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மருந்து பாட்டிலோடு வரும் சின்னக் கப்பில் ஊற்றி எடுத்து வருவார். முப்பது மில்லி. கால் மணி நேரம் கழித்து இன்னொரு முப்பது. கொடுத்ததற்கெல்லாம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு. பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டியெடுத்த அந்தப் பகுதியில்தான் என்பதால் எனக்குப் பெரிதாகப் பசியே தெரியவில்லை, நான் பட்டினி கிடப்பதாக நினைத்து அத்தைக்குத்தான் சோறு இறங்கவில்லை. அப்படியிருந்தும் "இன்னும் கொஞ்சம் குடி கண்ணு" என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் அத்தை.

ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருத்தர், "ஒழுங்கா நடந்திருந்தாலே போதுமே, எதுக்குக் கத்தி வெக்கோணும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை நிமிர்ந்து, "அவ நடக்கோணும்னுதானுங்க ஆபரேஷனே பண்ணினோம்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அப்புறம் என் மகளுக்கு. நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எடை வேகமாக இறங்கும்போது இப்படி ஆவது உண்டு, திரும்ப வளர்ந்துவிடும் என்று முன்னாலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள், ஆனாலும் கையோடு வரும்போது மனசு கேட்பதில்லை. சில நாளில் தலையணையில் முடியே இல்லை, சரி, நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் பல் தேய்க்கப் போனவள் பாதியில் திரும்பி வந்தால், இவள் ஜன்னலோரம் நின்று என் தலையணை உறையிலிருந்து ஒவ்வொரு முடியாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் செய்திருக்கிறாள். பதினொரு வயசு அப்போது.

ஓட்டம் ஆரம்பித்தது மூன்றாவது மாதம், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. விடிகாலை ஐந்தேகாலுக்கு நான் கிளம்ப வேண்டுமென்றால் வீட்டில் அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டுமே. என் வீட்டுக்காரர் பவுண்டரியில் முதல் ஷிஃப்டை விட்டுவிட்டு இரண்டாவது ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்திரி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவருக்கு நாளிலேயே பிடித்த நேரம். அதை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, ஷிஃப்ட் மாறியது கம்பெனி முடிவு என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். உண்மை எனக்குத் தெரிய வந்தது ஆறு மாதம் கழித்து, அவருடைய நண்பர் வாயால்.

இப்போது தண்ணிக் கதை. ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரமே தலைசுற்றி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் ஓடி முடித்து அரை லிட்டரை மடக் மடக்கென்று குடித்து ஈடு செய்துகொள்ளலாம், எங்களுக்கு அது முடியாது, நெஞ்சை அடைக்கும். வாய் வாயாகத்தான், இடைவிட்டு இடைவிட்டுத்தான். இதற்கு வழி கண்டுபிடித்தவன் என் மகன். சைக்கிளில் பாட்டிலை மாட்டிக்கொண்டு ரோட்டோரமாகக் கூடவே வருவான், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மணி. மணி அடித்தால் நடக்க வேண்டும், இரண்டு வாய் குடிக்க வேண்டும். ஒன்றரை வருஷம் அந்த மணிச் சத்தத்தில்தான் ஓடினேன் தங்கம்.

ஆபரேஷன் அன்றைக்கு ராத்திரியே, காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாதென்று, ட்ரிப்ஸ் ஸ்டாண்டை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துப் பத்தடி நடக்க வைத்த நர்ஸ் தங்கச்சிக்கு நன்றி. புரதம் அறுபது கிராம் ஆச்சா, வைட்டமின் பி12 போட்டாச்சா, ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சா என்று இன்றைக்கும் விடாமல் கேட்கிற டயட்டீஷியன் மேடத்துக்கும். மாத்திரை ஆயுசுக்கும் உண்டு என்பதை மறக்கவிடாதவர் அவர்தான்.

கடைசியாக, பெயர் தெரியாத ஒருத்தருக்கு. பச்சைத் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடி வருவீர்களே, முதல் வாரத்திலிருந்து, நான் மூச்சு வாங்கி நடந்துகொண்டிருந்த நாளிலும், கையைத் தூக்கிக் காட்டாமல் போனதில்லை நீங்கள். மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குவதால் இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றிக்கொண்டோம். காலையில் காணவில்லையே, விட்டுவிட்டாளோ என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரலில் திரும்பக் காலைக்கே வந்துவிடுவேன்ங்க.