மீத்தேனைச் சூடாக்கினால் வைரம் வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆய்வக வைரம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சூரத், மோதிரம், விலைச் சரிவு எல்லாம் சரி. ஆனால் மீத்தேன் வாயுவைச் சூடாக்கினால் கரி படிந்து வைரமாகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! வெறும் மீத்தேனைச் சூடாக்கினால் அரிக்கேன் விளக்குக் கண்ணாடியில் படிகிற கரிதான் மிஞ்சும்.

வைரம் வளர்க்கும் கலனுக்குள் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான். மீத்தேன் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி, பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஐந்து சதவீதம். 2000 டிகிரிக்கு மேல் தகிக்கிற கம்பியிலோ மைக்ரோவேவ் பிளாஸ்மாவிலோ (மின்னூட்டம் பெற்று ஒளிரும் வாயு) ஹைட்ரஜன் மூலக்கூறு உடைந்து தனி அணுவாகிறது, அந்த அணு மீத்தேனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி அதை மீத்தைல் ஆக்குகிறது, வளர்கிற வைரத்தின் மேற்பரப்பை மூடியிருக்கும் ஹைட்ரஜனையும் பிடுங்கி இடத்தைக் காலி செய்கிறது, அங்கே மீத்தைல் வந்து ஒட்டிக்கொள்கிறது. கிராஃபைட்டாகப் படியப் பார்க்கும் கரியை அரித்துத் தள்ளுவதும் அதே அணுதான். 1982இல் ஜப்பானின் சுகுபாவில் மட்சுமோட்டோ குழு சூட்டுக்கம்பி முறையில் வளர்த்துக் காட்டிய பிறகுதான் உலகமே இதன் பின்னால் ஓடியது.

உள்ளே நடப்பதை அளப்பது லேசில்லை. குழாயை நீட்டி வாயுவை உறிஞ்சினால், வழியிலேயே குளிர்ந்து வேறு ஆளாகிவிடும். அதனால்தான் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் லேசரை உள்ளே பாய்ச்சி மூலக்கூறுகளை எண்ணினார்கள். மீத்தேனுக்குப் பதில் அசெட்டிலீன் என்ற வேறு கார்பன் வாயுவைக் கொடுத்தாலும் உள்ளே கிட்டத்தட்ட அதே கலவைதான் உருவாகிறது!

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒருமுறை வைரப் படலம் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தது. ஒரே கொண்டாட்டம். வெளியே எடுத்தால் பழுப்பு நிறம். சிலிண்டர் கொடுத்தவரைத் திட்டித் தீர்த்தோம். அப்புறம் பிளாஸ்மா ஒளியின் நிறமாலையைப் பார்த்தால் 388 நானோமீட்டர் பக்கம் ஒரு கூர்முனை, கார்பனும் நைட்ரஜனும் ஜோடி சேர்ந்ததன் அடையாளம். கதவின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தது, அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று நுழைந்திருந்தது. வேகத்துக்கும் பழுப்புக்கும் அந்தக் காற்றின் நைட்ரஜன்தான் காரணம். (தலைமுடி யாருடையது என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை.)

சென்னை ஐஐடிக்கு ஆய்வக வைர ஆராய்ச்சிக்காக 5 ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் மத்திய அரசு ஒதுக்கியிருக்கிறது. கிண்டி பக்கம்தானே, உங்கள் நிருபரை ஒருநாள் அனுப்புங்கள். காரட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், கலனுக்குள் இருக்கும் வாயுவை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

வாசகர், தாம்பரம்