காய்ச்சல் பிள்ளையின் கட்டிலருகே ஒரு தராசு

மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

சிறுவர் விடுதியில் நெடுநாள் கடமையாற்றி ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருத்தி எழுதிக்கொள்வது. மாரி தொடங்குமுன், காய்ச்சல் பராமரிப்புப் பற்றி நம் தாதியருக்கு மீள்பயிற்சி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 39 பாகை காய்ந்த ஒன்றரை வயதுப் பிள்ளையை மின்விசிறிக்குக் கீழே கிடத்தி, குழாய்த் தண்ணீரில் நனைத்த துவாயால் ஒற்றினேன். உதடு நீலம்பாரித்துப் பிள்ளை நடுங்கிய நடுக்கத்தை வலிப்பென்றெண்ணித் தாய் அலறிவிட்டார். மூளை உடற்சூட்டின் அளவையே உயர்த்தி வைத்திருக்கும்போது தோலை மட்டும் குளிரப்பண்ணினால், உடல் நடுங்கி மேலும் சூட்டை உண்டாக்கும் என்பதை எனக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்த ஈரத்துவாயைச் சில விடுதிகளில் இன்றும் காண்கிறேன்.

அடுத்தது பனடோல் (பரசிட்டமோல்) பாணி. ஒரு கிலோ நிறைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைகளில் ஒன்று 9 கிலோவும் மற்றொன்று 13 கிலோவும் இருக்க, இரண்டுக்கும் ஒரே கரண்டி போகிறது. வீட்டில் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று தாயிடம் கேட்காமலே அடுத்த வேளை மருந்து ஊற்றப்படுவதும் உண்டு. நான்கு மணி நேர இடைவெளியும், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேற்படாமையும் கட்டாயம். மருந்து பிள்ளையின் உபாதையைத் தணிக்கும். காய்ச்சல் வலிப்பைத் தடுக்காது. இதைத் தாய்மாருக்குச் சொல்லவேண்டியவர்கள் நாமே.

எல்லாவற்றிலும் நான் அஞ்சுவது டெங்குவை. காய்ச்சல் இறங்கியதும் வெப்பநிலை அட்டையில் கோடும் இறங்கும், பார்ப்பவர் மனமும் ஆறும். இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிவதோ பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கை கால் குளிர்வது, வயிற்றுநோ, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது ஆகிய ஆபத்து அறிகுறிகளை வெப்பமானி காட்டாது. டெங்கு சந்தேகமிருக்கையில் இபுபுரோபனும் அஸ்பிரினும் கூடவே கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 38 பாகை என்றால், வரிசையில் காத்திருக்க வைக்காமல் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இரவில் ஒரு விடுதி முழுவதையும் இருவர் பார்க்கும் நிலையை அறிவேன். குறை அவர்களுடைய அக்கறையில் இல்லை. பிள்ளைகளை அனுமதிக்கும் இடத்தில் தராசும், நிறைக்கேற்ற மருந்தளவு எழுதிய அட்டையும், காரணங்களை விளக்கும் அரைநாள் வகுப்பும் போதும். வகுப்பெடுக்க ஆள் இல்லையென்றால் வாகரைக்கும் பஸ் ஏறி வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்