கொலாஜன் பொடி தசையை வளர்க்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உடற்பயிற்சிக் கூடங்களில் இப்போது பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தின் இடத்தில், தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனைப் பொடியாக்கி வைத்து விற்கிறார்கள். தசைக்காக வாங்குவோருக்கு இது நஷ்டக் கணக்கு. புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபேன் கொலாஜனில் அறவே இல்லை. தசை உருவாக்கத்தைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலமும் சொற்பம்: 15 கிராம் பொடியில் அரை கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் அதைவிடச் சற்று அதிகம் உண்டு.

விற்பவர்கள் காட்டுவது 2015-இல் வெளியான ஜெர்மன் ஆய்வை. தசை இழந்த முதியவர்கள் 53 பேர் மூன்று மாதம் எடைப்பயிற்சி செய்தார்கள். தினம் 15 கிராம் கொலாஜன் எடுத்தவர்களுக்குக் கொழுப்பல்லாத எடை 4.2 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 2.9 கிலோ. ஆனால் அந்த மற்றவர்களுக்குக் கொடுத்தது ஒப்பீட்டுக்காகத் தரும், புரதமே இல்லாத வெற்றுப் பொடி. வே புரதத்தோடு மோதவிட்டிருந்தால்தானே ஒப்பீடு?

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் கதை வேறு. 2017-இல் எட்டு இளைஞர்களிடம் நடந்த சோதனையில், 15 கிராம் ஜெலட்டினை (கொலாஜனை வேகவைத்துப் பெறுவது) வைட்டமின் சி-யுடன் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து ஆறு நிமிடம் கயிறு தாண்டியபோது, இரத்தத்தில் கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் குறியீடு ஏறத்தாழ இரட்டிப்பானது. சிறிய ஆய்வுதான்; காயம் ஆறியதற்கு அது சான்றும் அல்ல. முயன்று பார்க்க விரும்புவோர் அளவையும் நேரத்தையும் அப்படியே பின்பற்ற வேண்டும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. பளு ஏறி இறங்கும்போதுதான் ஊட்டம் உள்ளே போகிறது. அதனால் பயிற்சிக்குப் பிறகு குடிப்பதில் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் இழை உறுதிப்படாது. ஒரு பெரிய நெல்லிக்காய் போதும், மாத்திரை வேண்டாம். விலை மலிவான ஜெலட்டினே போதுமானது: முதலில் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு வெந்நீர் சேர்க்கவும். நேரே வெந்நீரில் போட்டால் கட்டி கட்டியாகிவிடும்.

ஒரு கிராம் கொலாஜன் மாத்திரையை இரண்டு வேளை விழுங்குவோர் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. பச்சைப் புள்ளியுடன் வரும் ‘கொலாஜன் பில்டர்’ பொடிகளில் கொலாஜனே இருக்காது. கொலாஜன் விலங்கின் தோல், எலும்பு, மீன் செதிலிலிருந்து எடுப்பது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கொலாஜனிலுள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம், சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட்டாக உடலில் மாறுகிறது. இந்த எச்சரிக்கையை டப்பாவில் அச்சிட வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
விளையாட்டு ஊட்டச்சத்து ஆலோசகர்கள்,
கோயம்புத்தூர்